பிரிண்ட் வேகும் வாசம்

மகள் பாலிமர் களிமண்ணில் தோடு செய்யப் பழகுகிறாள். பல நிறக் களிமண்ணை அடுக்கி, உருட்டி, சீவி, பூப்போட்ட மெல்லிய தகடாகத் தேய்த்து ஓவனில் வைத்தாள். சற்று நேரத்தில் கூடத்துக்கு வந்த வாசம் என்னை நான் வளர்ந்த வீரபாண்டிக்கே கொண்டுபோய்விட்டது.

அங்கே ஒரு பனியன் பிரிண்டிங் யூனிட்டில், அச்சடித்த மை சூட்டில் இதே வாசத்தோடு வெந்து துணி வெளிவரும் பெல்ட்டின் முனையில் அம்மா நிற்பாள். ஒவ்வொரு கட்டிலும் ஒரு பனியனை எடுத்து, இரண்டு கட்டைவிரலால் பிரிண்டை இழுத்துப் பார்ப்பாள். வேகாத பிரிண்ட் வெடித்துவிடும். வேலை முடிந்தாலும் அந்தக் கை சும்மா இருக்காது. ஒருமுறை என்னோடு பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தவள், ஒருத்தி மடியிலிருந்த குழந்தையின் பனியனில் இருந்த யானையை இழுத்துவிட்டாள்.

“ஏனுங்க, கொழந்தைய என்ன பண்றீங்க?”

“ஒண்ணுமில்லீங்க, பிரிண்ட் வெந்துருக்கான்னு பாத்தேனுங்க.”

எனக்கு மானமே போயிற்று. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தப் பெண்ணோ சிரித்துவிட்டு, “நீங்க எந்தக் கம்பெனிங்க?” என்று நகர்ந்து இடம் கொடுத்தாள்.

மகள் வெளியே எடுத்து வைத்த தகடு ஆறியதும், என் கை தானாக அதை வளைத்தது. ஓரம் பட்டென்று உடைந்தது.

“அம்மா! என்ன பண்ற நீ?”

“வேகல கண்ணு. இன்னுங் கொஞ்ச நேரம் வை.”

முகத்தைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஓவனில் வைத்தாள். இரண்டாம் முறை எடுத்து ஆறவிட்டதும், நான் கை நீட்டுவதற்குள், இரண்டு கட்டைவிரலையும் வைத்து அவளே வளைத்துப் பார்த்தாள்.