ஒரு வருஷத்துப் பூட்டு

அந்தத் தை மாதம் என் கணவரை அவர் வேலை பார்த்த மில் இங்கிலாந்துக்கு அனுப்பியது. புது நூற்பு இயந்திரங்களைப் பழகிக்கொண்டு, ஆடிப்பெருக்குக்குள் திரும்பிவிடுவதாகச் சொல்லிப் போனார்.

மதுக்கரையில் வாடகை வீட்டில் நான் மட்டும். எங்களுக்குப் போன் கிடையாது. ஞாயிறு மாலையில் அவர் வீட்டு உரிமையாளர் வீட்டுப் போனுக்குக் கூப்பிடுவார். "அம்மணி, போனு வந்திருக்குது" என்று அந்த வீட்டம்மாள் குரல் கொடுத்ததும் ஓடுவேன். டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு மொத்தக் குடும்பமும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். "நல்லா இருக்கேனுங்க, சாப்டீங்களா?" இதைத் தாண்டி என்னத்தைப் பேச? தனியாக இருக்க முடியவில்லை என்ற ஒரு வார்த்தையைச் சொல்ல மூன்று மாதம் தவித்தேன்.

அது புரிந்தோ என்னவோ, ஊர் திரும்பிய நண்பரிடம் ஒரு செல்போன் கொடுத்தனுப்பினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே பஸ் ஏறிக் காந்திபுரத்துச் செல்போன் கடைக்குப் போனேன். கடைக்காரர் தன் சிம் கார்டைக் கழற்றி அதில் போட்டுப் பார்த்தார். போன் ஏற்கவில்லை.

"பூட்டுன போனுங்கக்கா. அந்த ஊரு கம்பெனி சிம்மு மட்டுந்தான் எடுக்கும்."

"நம்ம வாங்குன பொருள அவுங்க எதுக்குங்க பூட்டறாங்க?"

"பாதி வெலைக்குத்தானுங்க குடுத்திருப்பாங்க. மீதிய மாசாமாசம் லைன் வாடகைல எடுக்கோணுமில்லீங்களா? நடுவுல வேற கம்பெனிக்குப் போயிரக் கூடாதுன்னுதான் பூட்டு. ஒரு வருசம் முடிஞ்சாத் தொறந்து குடுப்பாங்க."

மாட்டை விற்றவன் கயிற்றை விடாத கதையாக இருக்கிறதே என்று எரிச்சல் வந்தது. போன் வந்த பெட்டிக்குள் அடியில் மடித்திருந்த தாளைக் கடைக்காரர்தான் எடுத்துப் படித்தார். ஒப்பந்தம் ஒரு வருஷம். போன மாதத் தேதி. கீழே என் கணவரின் கையெழுத்து.

"சாரு இன்னும் ஒரு வருசம் அங்கதானுங்களா?"

தெரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. இன்னும் மூன்று மாதத்தில் வர வேண்டியவர் ஒரு வருஷத்துக்கு எதற்குக் கையெழுத்துப் போட்டார்? பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தும் வெளியே பார்க்கத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டார்.

"போன் வேல செய்யுதா கண்ணு?"

"இல்லீங்க, பூட்டியிருக்குதாமா. ஆடிக்கு வந்துருவீங்கல்ல?" அத்தனை பேர் முன்னாலும் கேட்டுவிட்டேன்.

"வராமப் பின்ன?" என்று சொல்வார் என்று காத்திருந்தேன்.

"அந்தக் காயிதத்தப் படிச்சியா?" என்றார்.