மாமாவின் உள்ளங்கால்

என் மனைவியின் அண்ணன் மெல்பர்னில் பஸ் ஓட்டுகிறார். போன வருடம் லீவில் கண்டிக்குப் பக்கத்திலுள்ள எங்கள் வத்தேகமைக்கு வந்தபோது பெட்டி நிறைய வெயில் கிரீம் கொண்டுவந்தார். சொக்லேட்டுக்காகக் காத்திருந்த வீட்டில் ஒருவருக்கும் அது பிடிக்கவில்லை.

மச்சானுக்கு வெயில் ஜென்ம விரோதி. ஒரு காலத்தில் அங்கே தோல் புற்றுநோயில் சாகிறவர்கள் வருடாவருடம் கூடிக்கொண்டே போனார்களாம். தொப்பி, நீளக்கை சட்டை, கிரீம் என்று ஊர் முழுக்கச் சொல்லிச் சொல்லி, பல வருடம் கழித்துத்தான் அந்த ஏற்றம் நின்றதாம். இப்போது இளவயதுச் சாவு குறைந்திருக்கிறதாம். தொப்பி இல்லாத பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் வெளியே விளையாட விடமாட்டார்களாம். இதைத் தேத்தண்ணியோடும் சொன்னார், சோற்றோடும் சொன்னார்.

மாமி ஒழுங்காகப் பூசிப் பார்த்துவிட்டு, "ஒரு சொட்டும் வெள்ளையாகல்லயே மகன்" என்று குறைப்பட்டுக்கொண்டார். மச்சானோ முகமெல்லாம் அள்ளி அப்பிக்கொண்டுதான் சந்தைக்கு வந்தார். மரக்கறி விற்கும் அம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "ஐயாவுக்கு மா மில்லுல வேலைங்களா?" என்று இரக்கத்தோடு கேட்டார்.

மாமா மட்டும் கிரீமைத் தொடவேயில்லை. பிடவைக்கடைக்காரர், வாழ்நாள் முழுக்க நிழலில் இருந்தவர். "கடைக்குள்ள வெயில் வந்தா முதல்ல துணி மங்கும். அதப் பத்திப் பேசு" என்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து, சாப்பிட்டு, மாமா கால்களை ஸ்டூலில் தூக்கிப் போட்டுக்கொண்டு கதிரையிலேயே தூங்கிவிட்டார். கீழே விழுந்த சார்ஜரை எடுக்கக் குனிந்த மச்சான் குனிந்தபடியே நின்றார். மாமாவின் வலது உள்ளங்காலில், குதிகாலுக்குப் பக்கத்தில், கறுப்பாக ஒன்று. ஈரத்துணியால் துடைத்தார். போகவில்லை. சவர்க்காரம் போட்டுத் தேய்த்தார். மாமா துள்ளி எழும்பினார்.

"பெத்த வாப்பாக்குக் கிச்சுக்கிச்சு மூட்டுறியா?"

"வாப்பா, இது எவ்வளவு காலமா ஈக்குது?"

"எது?"

மாமா குனிந்து பார்க்க முயன்றார். வயிறு இடம் கொடுக்கவில்லை. நான் கண்ணாடியைக் கொண்டுவந்து பிடித்தேன். "தார்" என்றார். "ரோட்டுக்குப் போட்டாங்களே, அதுதான்."

கடதாசியில் மை ஊறிய மாதிரி அதன் ஓரம் ஒழுங்கில்லாமல் பரவியிருந்தது. மச்சான் ஒன்றும் பேசவில்லை. வந்த நாளிலிருந்து அவர் வாய் மூடியது அதுதான் முதல் தடவை. எங்களுக்கெல்லாம் பயம் வந்தது.

கண்டியில் ஒரு தோல் டாக்டரிடம் கூட்டிப்போனோம். யாழ்ப்பாணத்துக்காரி. சிறு துண்டை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வரும்வரை போன் அடித்தாலே வீட்டில் எல்லோரும் ஓடினோம். மச்சான் டிக்கெட்டைத் தள்ளிப்போட்டார். மாமா மட்டும், தார்தான் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தார் இல்லை. புற்றுநோய்தான்.

"பயப்பிடாதேங்கோ ஐயா, ஆரம்பத்திலேயே பிடிச்சிட்டம்" என்றார் டாக்டர். "இந்த வகை வெயிலால வாறேல்ல. எங்கட நிறத்து ஆக்களுக்கு உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்குக் கீழ எண்டு வரும். ஒருத்தரும் அங்க பாக்கிறேல்ல. புண்ணாகி நடக்க ஏலாமப் போனாப் பிறகுதான் வருவினம். அதாலதான் கனபேர் சாகினம்."

மாமா மகன் பக்கம் திரும்பினார். முகத்தில் அப்படியொரு வெற்றி.

"கேட்டியா மகன்? வெயிலால இல்லயாம்!"

மச்சான் வெளியே போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டார். அழுகிறார் என்று நினைத்துத் தோளைப் பிடித்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு அழுதார்.

அந்த இடத்தைச் சுற்றி வெட்டி எடுத்தார்கள். வேறெங்கும் பரவியிருக்கவில்லை. கொஞ்ச காலம் நொண்டிய மாமா இப்போது தானாகவே பள்ளிவாசலுக்கு நடந்து போகிறார். சொன்ன தவணைக்குக் கிளினிக்குக்கும் போகிறார்.

ஆனால் அவரோடு வெளியே போவதுதான் பெரும் பாடாகிவிட்டது. கலகெதரவில் ஒரு கலியாண வீட்டில் மாப்பிள்ளையின் வாப்பாவுக்கு நேராகக் காலைத் தூக்கித் தழும்பைக் காட்டினார். மாமி முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டார். போன கிழமை பக்கத்து நகைக்கடை முதலாளி சுகம் விசாரிக்கக் கடைக்கு வந்தார். எப்போதும் மடிப்புக் கலையாமல் உடுத்துகிற மனிதர். அவர் கதிரையில் உட்கார்ந்ததும் உட்காராததுமாக மாமா தொடங்கிவிட்டார்.

"சப்பாத்து, கால்மேஸ் எல்லாம் கழட்டுங்க முதலாளி, பாப்பம்."

"எதுக்குங்க? நான் நல்லாத்தான் இருக்கேன்."

"நானும் அப்படித்தான் சொன்ன."

முதலாளி என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், வேறு வழியில்லாமல் சப்பாத்தைக் கழட்டினார். கறுப்புக் காலுறையிலிருந்த ஓட்டை வழியாகப் பெருவிரல் முழுசாக வெளியே எட்டிப் பார்த்தது. மாமா அதைக் கண்டுகொள்ளவேயில்லை. காலுறையை உருவி, காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, மூக்குக்கண்ணாடியைத் தேடினார்.