கடற்பறவைக்கு விசிலடித்த தோட்டம்

பறவை வந்து ஜன்னலில் உட்கார்ந்ததுதான் தாமதம், மண்டபம் அதிர்ந்துவிட்டது. முன்வரிசையில் இருந்த லோரி மாமா இரண்டு விரல்களை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தார். கோலா பிலாவுக்கு லோரியில் செம்பனைக் குலை ஏற்றிப் போகும் மனிதர், தைப்பூசத்தில்கூட அப்படி அடித்து நான் கேட்டதில்லை. "வந்துட்டாருடா! மனுஷன் வந்துட்டாரு!" என்று கத்தினார். பெண்கள் பக்கத்தில் பாதிப்பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். திரையில் ஏதோ ஒரு குளிர்நாட்டு விதவை, சத்தமே இல்லாமல், அந்தப் பறவையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன மாதம் நீலாய் நகரத்தில் என் வீட்டில், தனியாக, மடிக்கணினியில் அதே படத்தை மறுபடி பார்த்தேன். மௌனமான படம் என்று எழுதுகிறார்கள், தியானம் போன்றது என்கிறார்கள். இருக்கட்டும். எனக்குத் தெரிந்து உலகத்திலேயே சத்தமான படம் அதுதான். அந்தச் சத்தத்தில் பாதி என் பெரியம்மாவுடையது.

பெரியம்மா என் அம்மாவின் ஒரே அக்காள். பெரியப்பாவைக் கட்டிக்கொண்டு வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவரானவர். அதற்காக யாரும் யாரையும் விட்டுவிடவில்லை. இரண்டு குடும்பமும் ஒரே தோட்டத்தில், ஒரே லயத்து வீட்டு வரிசையில்தான் இருந்தன. தாத்தாவுக்கு ஆண் பிள்ளை கிடையாது, கடைசிவரை எங்கள் வீட்டில்தான் இருந்தார். சாமிக்குப் படைத்த சாப்பாட்டைப் பெரியம்மா தொடமாட்டார். அதனால் தீபாவளியோ பொங்கலோ, படைப்பதற்கு முன்பே மூத்த மகளுக்கென்று தாத்தா ஒரு தூக்குச்சட்டியில் எடுத்து வைத்துவிடுவார். சாமி கோபித்துக்கொண்டால் நான் பேசிக்கொள்கிறேன் என்பார்.

சிக்கல் வந்தது அவருடைய கருமாதியில். இந்தத் தடவை படையல் சாமிக்கு இல்லை, அவருக்கு. "அப்பாவுக்கே ஆக்குனதுல அப்பாவுக்கு முன்னாடி யாருக்கு எடுத்து வைக்கிறது?" என்று அம்மா கேட்டார். அதுவும் நியாயம்தான். அதோடு எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. படையல் முடிந்ததும் இலையில் வைத்ததிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துச் சட்டியில் கலந்துவிட்டுத்தான் எல்லோருக்கும் பரிமாறுவோம். கலந்த பிறகு சட்டி முழுவதுமே படையல். ஆகமொத்தம், முன்னால் கொடுக்க அம்மாவால் முடியாது, பின்னால் சாப்பிடப் பெரியம்மாவால் முடியாது. தகப்பனுடைய கடைசிச் சாப்பாட்டைச் சாப்பிடாமல் பெரியம்மா எழுந்து போனார். அன்றிலிருந்து இரண்டு வருடம், அக்காளும் தங்கையும் தண்ணீர்க்குழாயில் பார்த்துக்கொண்டாலும் மழை வருமா வராதா என்பதற்கு மேல் பேசிக்கொண்டதில்லை. எனக்கு அது பொறுக்கவே இல்லை. இருவருமே என்னிடம் மட்டும் மற்றவர் சாப்பிட்டாரா என்று கேட்பார்கள்.

இந்த நிலைமையில்தான் பெரியம்மாவின் மகள், நான் அக்கா என்று கூப்பிடுபவர், அந்தப் படத்தைக் கொண்டுவந்தார். நீலாயில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறார், படம் பார்க்கும் குழு ஒன்றும் வைத்திருக்கிறார். நல்ல படங்கள் தோட்டத்துக்கும் போக வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தோட்டத்து மண்டபத்தில் வெள்ளைத்துணி கட்டிப் படம் போடப்பட்டது. முடிந்ததும் எல்லோருக்கும் அரிசிச் சேமியாவில் செய்த சைவ மீகூன் என்று அறிவித்ததால் கூட்டத்துக்குக் குறைவில்லை. சபைக்காரர்கள் பாஸ்டரோடு வலது பக்கம் உட்கார்ந்தார்கள், கோயில்காரர்கள் இடது பக்கம். யாரும் அப்படிச் சொல்லவில்லை, தானாக அமைந்தது. பெரியம்மா அந்தப் பக்கம், அம்மா இந்தப் பக்கம்.

கதை ஒரு வரிதான். கணவன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. வருடத்தில் ஒரு நாள் அவனுக்குப் பிடித்த மீன் சூப்பை மனைவி வைக்கிறாள். அவ்வளவுதான். பேச்சுக் கிடையாது என்பதால் பேச்சை எங்கள் ஆட்களே போட்டுவிட்டார்கள். அவள் உருளைக்கிழங்கு சீவியபோது, "இவ்ளோ தடியா தோல சீவுனா உள்ள என்னடி மிஞ்சும்?" மீனை அப்படியே தண்ணீரில் போட்டபோது, "மஞ்சளு போடலயே, கவுச்சி அடிக்குமே!" புரட்டாசி விரதத்தில் நாக்குச் செத்துக் கிடந்த லோரி மாமா எழுந்தே விட்டார். "புரட்டாசில கொண்டாந்து மீனக் காட்டுறியே, நீ நல்லா இருப்பியா?" அக்கா தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். அவருடைய குழுவில் யாரும் இருமக்கூட மாட்டார்களாம்.

பிறகு அவள் மேசையில் இரண்டு தட்டு எடுத்து வைத்தாள். ஒன்றில் மட்டும் சூப்பை ஊற்றி, ரொட்டி வைத்து, கணவனின் நாற்காலிக்கு முன்னால் தள்ளினாள். மேசையை ஒட்டியிருந்த ஜன்னலைத் திறந்தாள். சுவரில் இருந்த சிலுவையைப் பார்த்துக் கண்ணை மூடினாள். மண்டபத்தில் முதல்முறையாகப் பேச்சு நின்றது. எங்கள் பக்கத்துக்கு அது என்னவென்று யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. "படையல்" என்று அம்மா மெல்லச் சொன்னது என் காதில் விழுந்தது. இனி காக்கா வரவேண்டும். அந்த ஊரில் காக்கா இருக்குமா என்ற கவலையில் நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த வெள்ளைக் கடற்பறவை ஜன்னலில் வந்து உட்கார்ந்து ரொட்டியைக் கவ்வியது. அதற்குத்தான் அந்த விசில்.

அவள் எழுந்துபோய் அடுப்பில் இருந்த சட்டியிலிருந்து தனக்குக் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கரண்டியைக் கையில் எடுத்தாள். திரை இருண்டது, படம் முடிந்துவிட்டது.

முடிய விடுவார்களா? ஒருவர் பாஸ்டரைப் பிடித்துக்கொண்டார். "பாஸ்டர், சிலுவைய வச்சுக்கிட்டே படையல் போடுறா பாருங்க!" பாஸ்டர் பாவம், "அது ஒரு ஞாபகார்த்தம்..." என்று ஆரம்பித்துவிட்டு மீகூன் வந்துவிட்டதா என்று திரும்பிப் பார்த்தார். "படைச்சதத்தானே அவளும் சாப்பிடப் போறா?" என்று இடது பக்கத்திலிருந்து ஒரு குரல்.

பெரியம்மா எழுந்தார். "தட்டுல வச்சது புருஷனுக்கு. அவ எடுத்துக்கிட்டது சட்டிலேருந்து. கண்ணு தெரியலயா?"

அம்மாவும் எழுந்துவிட்டார். நான் முந்தானையைப் பிடித்து இழுத்தேன், தட்டிவிட்டார். "தட்டுல வச்சதுல ஒரு பிடி சட்டில போட்டுக் கலக்கிட்டுத்தானே சாப்பிடணும்?"

"அவ கலக்கலயே."

"கலக்கலன்னா அது என்னா படையல்?"

"படையல் இல்லன்னா பறவை எப்படி வந்துச்சு?"

லோரி மாமா குறுக்கே புகுந்து, "கலக்குனாளா இல்லியான்னு பாப்போம், திரும்பப் போடு லா!" என்று கத்தினார். இரண்டு பக்கமும் கைதட்டியது. அக்கா கடைசிக் காட்சியைத் திரும்பப் போட்டார். ஆட்கள் நாற்காலியை விட்டுத் திரைக்குப் பக்கத்திலேயே போய் நின்றார்கள். மறுபடியும் போட்டார். கலக்கவில்லை. அந்த இருட்டில், நாற்காலிகள் கலைந்து கிடந்த மண்டபத்தில், பெரியம்மாவும் அம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். ஆனால் விளக்குப் போட்டதும் ஆளுக்கொரு பொட்டலத்தை வாங்கிக்கொண்டு தனித்தனியாகத்தான் வீட்டுக்குப் போனார்கள்.

அடுத்து வந்த மகாளய அமாவாசைக்கு நான் விடுப்பு எடுத்திருந்தேன். அம்மா தாத்தாவுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தபோது பெரியம்மா வாசலில் வந்து நின்றார். யாரும் கூப்பிடவில்லை. "வந்தேன்" என்றார். "உக்காரு" என்றார் அம்மா. சூடம் காட்டும்போது பெரியம்மா வெளியே செம்பனை மரங்களைப் பார்த்தபடி நின்றார். கொல்லையில் வடையோடு சோறு வைத்த கொஞ்ச நேரத்தில் காக்கா வந்தது, நாங்கள் உள்ளே வந்தோம்.

அம்மா இலையிலிருந்து ஒரு பிடி சோறு எடுத்தார். கை பழக்கத்தில் சட்டிப் பக்கம் போனது. சட்டிக்கு மேலே கை அப்படியே நின்றது. அம்மா திரும்பிப் பெரியம்மாவைப் பார்த்தார். பிறகு அந்தப் பிடியைத் தன் தட்டில் போட்டுக்கொண்டார், கையைக் கழுவினார், கலக்காத சட்டியிலிருந்து சோறும் சாம்பாரும் எடுத்து அக்காளுக்குப் பரிமாறினார். கூடப்பிறந்தவளுக்காக ஒரு மனுஷி தன் சாமியிடம் இதைவிடப் பெரிய மன்னிப்பைக் கேட்டுவிட முடியாது என்று எனக்குத் தோன்றியது.

பெரியம்மாவின் சாப்பாட்டு ஜெபம் வழக்கமாக ஒரு பெருமூச்சு நேரம்தான். அன்று நீண்டுகொண்டே போனது. கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு வாய் எடுத்து வைத்தார். வாய் அசைவது சட்டென்று நின்றது. அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. படையல் சமையலை ருசி பார்க்கக்கூடாது, கை அளவுதான். பெரியம்மா மெதுவாக விழுங்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"ஏண்டி, சாம்பார்ல உப்பே இல்ல. ரெண்டு வருஷமா அப்பா இதையா சாப்பிட்டாரு?"