காலியென்று நான் அழித்த பாகம்

கோம்பையில் லேப்டாப் பழுது பார்க்கிறேன். பக்கத்துத் தெரு ஜெசிந்தா டீச்சர், விண்டோஸோடு லினக்ஸும் போட்டுத் தரச் சொன்னார். ஹார்டு டிஸ்க்கைப் பிரிக்கும்போது, பெயரில்லாத ஒரு பாகம் காலிபோலத் தெரிந்தது. போனில் கேட்டிருக்கலாம். பெண்களிடம் பேசக் கூச்சப்பட்டு, அழித்துவிட்டேன். அவர் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருந்ததால் காலிபோலக் காட்டிய பாகம் அது. வருசநாட்டு மலையில் வீடு வீடாக ஏறி எழுதிய ஆய்வு முழுவதும் அதில்தான் இருந்தது. வேறு பிரதி இல்லை.

"டிஸ்க் பழசு டீச்சர், தானாப் போயிருச்சு" என்றேன்.

அவர் முகம் வெளுத்தது. "பழைய டப்பாவக் குடுத்து உங்களையும் பாடுபடுத்திட்டேன். மனசுல வச்சுக்காதீகண்ணே" என்றார்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். லேப்டாப்பைப் பையில் போட்டுக் கொடுத்தேன்.

இப்போது விடுமுறைதோறும் அவர் மறுபடி மலையேறுகிறார். பஸ் நிறுத்தத்தில் என்னைப் பார்த்தால் சிரிக்கிறார். நான் தலைகுனிந்துகொள்கிறேன். அதைக் கூச்சம் என்றுதான் அவர் நினைக்கிறார்.