மம்சாபுரம் விலக்கில் நின்ற கப்பல்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குத் தூத்துக்குடியில் பஸ் ஏறும்போதே எனக்குப் பாதிக் கோபம் வந்துவிட்டது. ராஜபாளையத்தில் ஒரு வாசகர் வட்டம் கப்பல்களைப் பற்றிப் பேச அழைத்திருந்தது. அதன் செயலாளர் சரியாக அந்த நேரத்தில் போன் செய்து, "மேடம், போரடிக்காமப் பேசுங்க. மூழ்கிப்போன கப்பலா எடுத்துக்கிட்டா நல்லாருக்கும்" என்றார். ராஜபாளையத்துக்காரர் ஒருவரிடம் போய், "மாம்பழத்தைப் பற்றிப் பேசுங்கள், ஆனால் அழுகின மாம்பழமாக எடுத்துக்கொள்ளுங்கள்" என்று நான் சொன்னால் அவருக்கு எப்படி இருக்கும்?

நான் கப்பல் கம்பெனிக்காரி அல்ல. வங்கியில் கிளார்க். ஆனால் பல வருடங்களாக என் மாலை நேரங்களை எல்லாம் துறைமுகக் கடற்கரையில், ஒரு பழைய கேமராவோடு கழித்து வருகிறேன். எந்தக் கப்பல் எங்கே கட்டப்பட்டது, இதற்கு முன் என்ன பெயரில் ஓடியது, கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் எங்கள் ஊர்த் தோணிகள் என்ன ஏற்றிப் போயின, இதெல்லாம் தெரியாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. "பொம்பளைக்கு எதுக்கு கப்பலு?" என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. நாள் முழுக்கக் கிரிக்கெட் பார்க்கிற என் கொழுந்தனை ஒருவரும் எதுவும் கேட்பதில்லை.

கோவில்பட்டியில் இறங்கி, திருவேங்கடம் வழியாகப் போகும் ராஜபாளையம் பஸ்ஸில் ஏறினேன். இரண்டு டிக்கெட்டும் சேர்ந்து நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. கரிசல் காடு முடிந்து தென்னை தொடங்குகிற இடத்தில் மேற்கே மலை தெரிய ஆரம்பிக்கிறது. மேகம் மலையின் பாதி உயரத்தில் கிடந்தது. கடல் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த மலை கொஞ்சம் திகைப்பாகத்தான் இருந்தது.

பத்தரைக்குக் கூட்டம் தொடங்கும் என்றார்கள். பதினொன்றே காலுக்குத் தொடங்கியது. பிறகு பொன்னாடை. தலைவருக்கு, துணைத் தலைவருக்கு, மண்டபம் கொடுத்தவருக்கு, மண்டபம் கொடுத்தவரின் மைத்துனருக்கு. ஒவ்வொரு துண்டுக்கும் போட்டோ. போட்டோ சரியாக விழாவிட்டால் துண்டை எடுத்து மறுபடியும் போட்டார்கள். ஒரு மணி நேரம் என்று சொல்லி அழைத்தவர்கள், கடைசியில் மைக்கை என்னிடம் கொடுக்கும்போது "இருபது நிமிஷம் மேடம், சாப்பாடு ஆறிரும்" என்றார்கள்.

அந்த இருபது நிமிடத்தில் முடிந்ததைச் சொன்னேன். உங்கள் ஊர்த் தறியில் ஓடுகிற பேண்டேஜ் துணி கன்டெய்னரில் ஏறி எங்கள் ஊருக்கு வருகிறது, அது கடல் தாண்டிப் போவதை நான் கரையில் நின்று பார்க்கிறேன், எந்தக் கப்பலில் போகிறது என்று நீங்கள் ஒருநாளாவது கேட்டதுண்டா என்று கேட்டேன். கப்பலுக்குப் பெயர் நிலையில்லை, விற்க விற்க மாறும், ஆனால் கட்டும்போது கொடுத்த ஏழு இலக்க எண் உடைக்கும் நாள் வரை மாறாது என்றேன். கேள்வி நேரத்தில் ஒரே ஒரு பெரியவர் எழுந்தார். "பொம்பள ஏறுனா கப்பலுக்கு ஆகாதுங்காவளே, உண்மையா?" நான் சொன்ன பதிலை இங்கே எழுதினால் அச்சிட மாட்டார்கள்.

சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் டவுன் பஸ்ஸில் ஏறினேன். பெண்களுக்கு அதில் காசு கிடையாது. பன்னிரண்டு கிலோமீட்டர்தான். கோபுரத்தைப் பார்த்து, பால்கோவா வாங்கி, மடவார் வளாகம் கோயிலுக்கும் போய்விட்டு ஊர் திரும்புவதாகத் திட்டம். பாதி வழியில், ஊருக்கு ரோடு பிரிகிற மம்சாபுரம் விலக்கில், நான் ஜன்னல் வழியாக ஒரு கப்பலைப் பார்த்தேன்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க, கப்பல்!" என்று கத்தியிருக்கிறேன்.

"ஏம்மா, ரோட்டுல எங்கம்மா கப்பலு? ஸ்ரீவில்லிபுத்தூர்னுதான சொன்னிய?" என்று கண்டக்டர் விசிலை ஊதிவிட்டுக் கேட்டார். பஸ் முழுக்கச் சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும். இறங்கினேன்.

டீக்கடையை ஒட்டி இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு பிளெக்ஸ். "கடல் கடக்கும் எங்கள் கேப்டன் கார்த்திக்!" என்று தலைப்பு. நடுவில் கூலிங் கிளாஸ் போட்ட ஒரு பையன். கீழே வாழ்த்தும் நெஞ்சங்களாகப் பதினைந்து இருபது முகங்கள். பின்னால் பச்சை நிறத்தில் ஒரு சரக்குக் கப்பல், நான்கு கிரேன்கள், மூன்றாவது கிரேன் மட்டும் மஞ்சள்.

அவளை எனக்குத் தெரியும். எங்கள் துறைமுகத்துக்கு நிலக்கரி கொண்டுவந்தவள். அந்த மஞ்சள் கிரேன் எங்கோ உடைந்து மாற்றியது. நான் அவளுக்குப் பச்சைக்காரி என்று பெயர் வைத்திருந்தேன். போன வருடம் அவளைக் குஜராத்தில் அலங் கரையில் ஏற்றி உடைத்துவிட்டார்கள். வயிறு அறுபட்டுக் கிடந்த படத்தைப் பார்த்த அன்று நான் அழுதேன், அதை மறைப்பானேன்.

டீக்கடை பாயிடம் கேட்டேன். "நம்ம முத்துலட்சுமி மகன்மா. கப்பல் வேலைக்குப் போறான், வெளிநாட்டுல போய் ஏறணுமாம், புதன்கிழமை கிளம்புதான். நேத்துத்தான் கறிச்சோறு போட்டாவ" என்றார்.

"இந்தப் படம் எங்கே கிடைச்சது பாய்?"

"பிளெக்ஸ் கடைக்காரன் போட்டிருப்பான். அவன் போன மாசம் ஒரு கல்யாணத்துக்கு வேற ஊருப் பொண்ணு போட்டாவப் போட்டுட்டான். ரெண்டு வீட்டுக்கும் அடிதடி."

எனக்கு மூச்சு வந்தது. கடைக்காரன் நெட்டிலிருந்து எதையோ எடுத்திருக்கலாம். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. பையனைக் கூப்பிடச் சொன்னேன். கார்த்திக் பைக்கில் வந்தான். பி.காம். முடித்தவன், மரியாதையான பையன். படம் பற்றிக் கேட்டதும் பெருமையாகப் போனை நீட்டினான். "ஏஜெண்டு அனுப்புனதுக்கா. இதான் உன் கப்பல்னு சொன்னாரு." அதே படம்.

நான் என் போனில் இருந்த இன்னொரு படத்தைக் காட்டினேன். மணலில் கிடந்தாள். முன்பாதி இல்லை. மஞ்சள் கிரேன் மட்டும் அப்படியே நின்றது.

"தம்பி, இந்தக் கப்பலை உடைச்சாச்சு."

"நீங்க கப்பல் கம்பெனியாக்கா?"

"இல்ல, பேங்க்ல கிளார்க்."

அவன் சிரித்தான். எனக்கு ஜிவ்வென்று ஏறியது. படம் தப்பாக இருக்கலாம், ஆள் சரியாக இருக்கலாம், அதையும் நான் ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் ஏஜெண்டுக்கு ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிடச் சொன்னேன். கப்பலின் ஏழு இலக்க எண்ணைக் கேட்டேன்.

"யாரும்மா நீ? வீட்டுல ஆம்பளைங்க இருந்தா குடு."

"எண்ணைச் சொல்லுங்க."

"கப்பல் பேரை மாத்திட்டாங்கம்மா. அதெல்லாம் உங்களுக்குப் புரியாது."

"பேர் மாறும். எண் மாறாது. அது என்ன எண்? உங்க அரசு அனுமதி எண் என்ன?"

போன் செத்தது. மறுபடி கூப்பிட்டால் சுவிட்ச் ஆஃப். அனுமதி பெற்ற ஏஜெண்டுகளின் பட்டியலை இணையத்தில் எடுத்து, கார்த்திக் சொன்ன கம்பெனிப் பெயரைத் தேடிக் காட்டினேன். இல்லை. பாய் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

இவ்வளவுக்குப் பிறகு அந்தப் பையன் என்ன சொன்னான் தெரியுமா? "இருந்தாலும் போய்ப் பாத்துருதேங்க்கா. பிளெக்ஸ் வச்சாச்சு. ஊரே சாப்பிட்டாச்சு. இனிமே போகலைன்னா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இங்க நடக்க?"

எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்ல! ஏமாற்றுகிறவன் எங்கேயோ உட்கார்ந்து ஒரு செத்த கப்பலின் படத்தை அனுப்புகிறான். அவன் விட்ட குறையை இந்த ஊர்ப் பாசம் முடித்துவைக்கிறது. பையன் பஸ் ஏறுமுன்பே ஆளுயரத்துக்கு அவன் முகத்தைக் கட்டி, திரும்பி வரும் வழியை அடைத்துவிடுகிறது. மேளதாளத்தோடு ஒருவனைக் கிணற்றில் தள்ளுவதற்குப் பெயர் வாழ்த்தா?

அதற்குள் யாரோ சொல்லி முத்துலட்சுமி வந்தாள். பேண்டேஜ் கம்பெனியில் வேலை, முடியெல்லாம் பஞ்சுத்தூசி. எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டாள். என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"அங்க போய் எறங்குனா என்ன செய்வானுவ?"

தெரிந்ததை மறைக்காமல் சொன்னேன். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஓட்டைக் கப்பல் எதிலாவது ஏற்றுவார்கள். சம்பளம் வராது, தண்ணீர் தீரும், கரையில் இறங்கவும் விடமாட்டார்கள். அப்படி மாதக்கணக்கில் நடுக்கடலில் கிடக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அவள் மகனைப் பார்த்தாள். "பொறவும் போறேங்கியாலே?"

"பிளெக்ஸ் வச்சாச்சும்மா."

"பாய், அந்த அருவாளக் குடுங்க."

இளநீர் வெட்டுகிற அரிவாள். பாய் தயங்கினார். அவளே எடுத்துக்கொண்டு, பெஞ்சில் ஏறி, மேல் கயிற்றை அறுத்தாள். பிளெக்ஸ் ஒரு பக்கமாகச் சரிந்து, வாழ்த்தும் நெஞ்சங்கள் எல்லாம் புழுதியில் விழுந்தார்கள். படத்தில் இருந்தவர்களில் இரண்டு பேர் நேரிலேயே ஓடி வந்தார்கள். ஒரு கிழவி, "ஏட்டி, வெளங்குமா? பெத்த மகன் மூஞ்சியவா வெட்டுத?" என்று கத்தினாள்.

"எம் மகன் இந்தா நிக்கான். அது துணி" என்றாள் முத்துலட்சுமி. இன்னொரு கயிற்றையும் அறுத்தாள். "ஆட்டுக்கொட்டகைக்கு ஆகும்" என்று சுருட்டி இடுக்கிக்கொண்டு, மகனிடம் கையை நீட்டினாள். அவன் பைக் பெட்டியைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தான். என்னை மட்டும் நிமிர்ந்தே பார்க்கவில்லை. பாய் கேட்டதால் என் போன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் சேரும்போது ஐந்து மணி. கோபுரம் வெயிலில் நன்றாகத்தான் இருந்தது. அரைக்கிலோ பால்கோவா வாங்கினேன். எங்கள் ஊர்க் கடற்கரையில் நின்றால் கப்பல் வருவதும் தெரியும், போவதும் தெரியும். இங்கே கடல் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் கிடக்கிறது, அதனால் யார் எந்தப் படத்தைக் காட்டினாலும் அது கப்பல்தான். இதை நினைக்க நினைக்கக் கோபம் குறையவே இல்லை. கோவில்பட்டி போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தபோது போன் அடித்தது. கார்த்திக்.

"அக்கா, அதே கப்பலுக்கு இன்னொருத்தனும் வாரான். தேவதானத்துக்காரன். நான் சொன்னா, பொறாமையில சொல்லுதேங்கான். நீங்க அந்தப் படத்தக் காட்டுனா நம்புவான்."

"அங்கேயும் பிளெக்ஸ் வச்சாச்சா?"

"இப்பத்தான் கட்டிட்டு இருக்கானுவ."

தேவதானத்துக்கு ராஜபாளையம் போய், அங்கிருந்து சேத்தூர் வழியாகப் போகும் பஸ் பிடிக்க வேண்டும். வழியை அவனிடமே கேட்டுக்கொண்டேன். "விலக்குல நிக்கேங்க்கா, நானும் வாரேன்" என்றான். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க என் பக்கம் வருவதற்குள் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.