கழுத்துப்பட்டி கட்டிய அயலவர்

பான் நகரில் எங்களுக்குக் கீழ் வீட்டில் ஆப்கானியப் பஷ்தூன் முதியவர் ஒருவர் தனியே இருந்தார். மன்னர் காலத்தில் தூதரகச் செயலாளர், மன்னர் போனபின் அமைச்சர், அமைச்சரவை கவிழ்ந்தபின் கைதி, பிறகு தூதர், தூதராக இருந்த ஊரிலிருந்தே அகதி. இவ்வளவில் கடைசிச் சொல் மட்டுமே எங்கள் வீட்டுக்கு விளங்கியது.

அந்தக் குளிர்காலத்தில் ஆற்றுக்கு அக்கரை, குன்றின் மேலிருந்த விடுதியில் விளக்குகள் அணையவேயில்லை. அவருடைய நாட்டுக்குப் புது அரசு அமைக்க அங்கே கூடியிருக்கிறார்கள் என்றார் அப்பா. அவ்வளவு வெளிச்சத்தை நான் கொண்டாட்டவீட்டில்தான் பார்த்திருந்தேன். ஆகவே அது கொண்டாட்டம்.

"உந்த மனுசன் வீட்டுக்குள்ளயும் கழுத்துப்பட்டியோட இருக்குது" என்பார் அம்மா.

எங்களுக்கும் ஒரு கொண்டாட்டம் இருந்தது. ஸ்டுட்கார்ட்டில் பெரியப்பாவின் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு. ஆனால் பெரியப்பா நேரில் வராமல் போனில் சொல்லிவிட்டார். சொந்தத் தமையன் வாசலுக்கு வந்து சொல்லாத வீட்டுக்கு எப்படிப் போவது? அப்பா மாட்டேன் என்றார். என் புதுப் பாவாடை அலுமாரிக்குள் தொங்கியது.

நோன்பு மாதம். பொழுதுபடும் நேரத்தில் அம்மா சுட்ட வடையோடு நானும் அப்பாவும் கீழே போனோம். மேசையில் பேரீச்சம்பழம், தேநீர், தொலைபேசி. சூரியன் இறங்கும்வரை அப்பா தன் ஜெர்மனில் தமையனைப் பற்றி முறையிட்டார். எங்கள் ஊரிலும் அப்படித்தான், ஆள் வந்து அழைக்கவேண்டும் என்று அவர் தலையாட்டினார்.

தொலைபேசி அடித்தது. எழுந்து, கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு எடுத்தார். தன் மொழியில் நீளமாக நலம் விசாரித்தார். பிறகு வெகுநேரம் கேட்டார். ஒரே ஒரு சொல் சொல்லி வைத்தார். வெளியே இருட்டியிருந்தது, பழத்தை அவர் தொடவில்லை.

"நீங்கள் போங்கள்," என்றார் அப்பாவிடம். "அவர் உங்கள் அண்ணன்."

"அப்ப நீங்கள்?"

"விரும்பினால் நானும் குன்றுக்கு வரலாமாம்." சிரித்தார். "எனக்கு வாசலுக்கு வண்டி வரவேண்டும்."

மேலே வந்ததும் அப்பா சொன்னார்: "சனிக்கிழமை வெளிக்கிடுங்கோ. ஸ்டுட்கார்ட்டுக்குப் போறம்."

"உங்கட ரோசம் எங்க போச்சுது?" என்றார் அம்மா.

"கீழ் வீட்டில வச்சிட்டு வந்திட்டன்."

போனோம். பெரியப்பா அப்பாவின் கையைப் பிடித்தபடியே பந்திக்கு அழைத்துப்போனார். என் பாவாடையில் பாயாசம் கொட்டியது.

திரும்பி வந்தபோது குன்று இருண்டு கிடந்தது. மறுநாள் பகல் பலகாரப் பெட்டியோடு கீழே ஓடினேன். கதவைத் திறந்தவரின் கழுத்து வெறுமையாக இருந்தது. அதில் அத்தனை சுருக்கங்கள் இருப்பதை அன்றுதான் பார்த்தேன். பெட்டியை வாங்கிப் பொழுதுபடட்டும் என்று ஓரமாக வைத்தார். உங்கள் கொண்டாட்டத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று கேட்டேன்.

"எல்லோரும்," என்றார்.

எனக்குப் பெரிய நிம்மதி. படிகளில் தாவி ஏறி, அவருடைய ஆட்கள் ஒருத்தரும் மிச்சமில்லாமல் வந்தவையாம் என்று அம்மாவிடம் சொன்னேன்.