வானம் பார்த்த கோழி

போன வருடம் சித்திரையில், எங்கள் குலசாமி பேச்சியம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது நடந்தது இது. சங்கரன்கோவிலில் தறிச்சத்தம் ஓயாத ஒரு தெருவில் எங்கள் வீடு. நான் வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறேன். அதற்கு முந்தைய ஆவணியில் கரிவலம் போகிற வழியில் என் கணவரின் பைக்குக்குக் குறுக்கே மாடு வந்துவிட்டது. கால் எலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்தார்கள். மனிதர் எழுந்து நடந்துவிட்டால் கொடைக்கு ஒரு வெடைக்கோழி தருகிறேன் என்று பேச்சியம்மனிடம் நேர்ந்துகொண்டேன். மாசிக்குள் கம்பை ஊன்றி நடந்துவிட்டார்.

வாக்கைக் காப்பாற்ற வேண்டுமே. வீட்டில் நின்ற நாலு கோழிகளில், இன்னும் முட்டையிடத் தொடங்காத சிவப்பு வெடை ஒன்றை ஒதுக்கினேன். அங்கேதான் என் கெட்டிக்காரத்தனம் ஆரம்பித்தது. சாமிக்குப் போகிற கோழி சாக்கடையிலும் குப்பையிலும் மேயலாமா? காலில் மஞ்சள் கயிறு கட்டி, வீட்டுக்குள்ளேயே ஒரு மூலையில் சாக்கு விரித்து வைத்துக்கொண்டேன். கழுவிக் காயவைத்த பச்சரிசியைத் தவிர வேறு எதையும் காட்டவில்லை. “எனக்கு ரேஷன் அரிசி, கோழிக்குப் பச்சரிசி. நல்லா இருக்கு உன் நியாயம்” என்றார் கணவர். நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

ஒன்றரை மாதம் போனது. ஒருநாள் காலையில் பார்த்தால் கோழியின் கழுத்து பின்பக்கமாக வளைந்து, தலை முதுகில் கிடக்கிறது. அலகு நேரே கூரையைப் பார்க்கிறது. நடக்க வைத்தால் இரண்டு அடி பின்னால் போய் மல்லாந்து விழுகிறது.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்தார். பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். “ஏட்டி, அம்மன் எறங்கிட்டா! மேல பாத்துக்கிட்டே ஆடுதா பாரு. கொடை வரைக்கும் பொறுக்க மாட்டேங்கா!”

அவ்வளவுதான், அரைத் தெரு கூடிவிட்டது. ஒருவர் திருநீறு பூசினார். ஒருவர் வேப்பிலை கொண்டுவந்தார். நானும் சூடத்தைத் தேடிக்கொண்டிருந்தேன், பொய் சொல்வானேன். ஆனால் என் கவலை வேறு. நேர்ந்த கோழி கொடைக்கு முன்னால் செத்துப்போனால் அவர் காலுக்கு என்ன ஆகும்? எதிர்வீட்டுத் தம்பி வேறு, “இது சீக்குக்கோழி, மத்ததுக்குத் தொத்துறதுக்குள்ள அறுத்துருங்க” என்றான்.

கணவர் ஊன்றுகம்பைத் தரையில் தட்டினார். “ஏலே, நான் நடக்க மாட்டாம கெடந்தப்போ இவ என்னைய அறுத்தாளா? ஆட்டோவைக் கூப்பிடு, ஆஸ்பத்திரிக்குப் போவோம்.”

கால்நடை ஆஸ்பத்திரியில் ஆடுகளுக்கும் ஒரு கன்றுக்குட்டிக்கும் நடுவே கூடையோடு உட்கார்ந்திருந்தோம். டாக்டரம்மா சின்ன வயதுக்காரர். தடுப்பூசி போட்டீர்களா, மற்ற கோழிகள் எப்படி, எச்சம் எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஊசி போட்டாயிற்று, மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது, கழிச்சல் இல்லை என்றேன். “தீனி?” என்றார். இந்தக் கேள்விக்குத்தானே காத்திருந்தேன்! சுத்தமான பச்சரிசி மட்டும்தான், சாமிக்கு நேர்ந்தது என்று நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “அரிசியத் தீட்டும்போது நரம்புக்கு வேண்டிய சத்தெல்லாம் தவிட்டோட போயிரும்மா. கீரை இல்ல, புழு இல்ல, வெயில் இல்ல. சாமி எறங்கல, சத்துதான் எறங்கிட்டு.”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை. வெள்ளைக்கழிச்சல் நோயிலும் கழுத்து இப்படித் திருகும், அதற்கு மருந்து கிடையாது என்றார். ஆனால் இதற்குச் சத்துக் குறைவுதான் என்று தோன்றுகிறது, சரியாக வாய்ப்பு உண்டு, எதற்கும் மற்ற கோழிகளோடு சேர்க்காதீர்கள் என்றும் சொன்னார். ஒரு ஊசி போட்டு, வைட்டமின் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். தலையைத் தூக்கி வாயில் ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும், அலகோரமாக ஒவ்வொரு சொட்டாக விட வேண்டும் என்று செய்து காட்டினார்.

ரவிக்கைத் துணியைச் சுருட்டிச் சும்மாடு மாதிரி செய்து கழுத்துக்கு முட்டுக் கொடுத்தேன். கணவர் கோழியை மடியில் பிடித்துக்கொள்வார். நான் மருந்தும், தவிட்டோடு முருங்கைக்கீரை அரைத்த கூழும் ஊட்டுவேன். முதல் நாள் ஒரு மாற்றமும் இல்லை. அன்று நேர்ச்சையெல்லாம் மறந்துபோனது. பாவம், நான் செய்த வினைக்கு அது தவிக்கிறதே என்றுதான் அழுகை வந்தது. இரண்டாம் நாள் தலை பாதி இறங்கியது. நாலாம் நாள் தானே கொத்தப் பார்த்தது. குறி தவறித் தரையில் கொத்தியது. அதற்கே நாங்கள் இரண்டு பேரும் கைதட்டினோம்.

அப்போதுதான் அவர் சொன்னார், கோழியைத் தடவிக்கொண்டே: “என்னையும் இப்படித்தான வச்சிருக்கே. விழுந்துருவேன்னு வாசல் தாண்ட விட மாட்டேங்கே. எனக்கும் கழுத்து திரும்புறதுக்குள்ள டீக்கடைக்கு விட்டுரு.”

சிரித்துவிட்டேன். சிரித்து முடிப்பதற்குள் சுருக்கென்றது. கால் சரியாகி இரண்டு மாதம் ஆகிறது. கடைசியாக அந்த மனிதர் எப்போது தனியாக வெளியே போனார் என்று யோசித்தால் எனக்கு ஞாபகமே வரவில்லை. அன்று சாயங்காலம் கம்பை ஊன்றிக்கொண்டு தானே பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குப் போனார். நான் வாசலிலேயே நின்றேன். ஒரு மணி நேரம் கழித்து ஊர்க்கதை அத்தனையோடும் ஒரு பொட்டலம் வடையோடும் திரும்பி வந்தார். முகம் அப்படி வெளிச்சமாக இருந்தது.

கொடைக்குள் கோழி தேறிவிட்டது. மடியில் வைத்து ஊட்டியதை அறுக்க யாருக்கு மனசு வரும்? எங்கள் கோயிலில் உயிரோடு ஒப்படைத்தாலும் நேர்ச்சை தீர்ந்துவிடும். பிறகு அதை ஏலம் விடுவார்கள். ஏலத்தில் என் கணவர் கம்பை உயர்த்தி உயர்த்திக் கேட்ட வேகத்தைப் பார்த்து எதிராளிகள் ஒதுங்கிக்கொண்டார்கள்.

இப்போது அது குப்பை கிளறி, எங்கேயோ முட்டையிட்டு என்னைத் தேட விடுகிறது. அவரும் டீக்கடையிலிருந்து நேரத்துக்கு வருவதில்லை. இரண்டு பேரையும் திட்டிக்கொண்டேதான் இருக்கிறேன். ஆனால் பாசத்தில்கூடத் தவிட்டை நீக்கிவிடக் கூடாது என்பது மட்டும் எனக்கு மறக்கவே இல்லை.